‘ஆய்வுக்காக வந்திருக்கிறேன்’: ஆசிரியர்களைப் பற்றி ஆராய்வது ஏன் இத்தனை கடினம்?

அரசுப் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்து ‘ஆய்வுக்காக வந்திருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுவார். வருகைப் பதிவேடு மேசைக்கு வரும். யாரோ ஒருவர் வகுப்பறைகள் பக்கம் விரைந்து போவார். சற்று நேரத்தில் வராந்தாவின் இரைச்சல் அடங்கிவிடும். வந்திருப்பவர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் மாணவர், கையில் இருப்பது கேள்வித்தாள் என்று தெளிவாவதற்குள் பள்ளி வேறு முகம் போட்டுக்கொண்டுவிடும்.

இதில் தவறு ஆசிரியர்களுடையது அல்ல. பள்ளிக்குள் அந்தச் சொல்லுக்குப் பொருளே அதுதான். ஆண்டாய்வு, திடீர் ஆய்வு, மாதந்தோறும் மீளாய்வுக் கூட்டம், இடமாறுதலுக்குக் கலந்தாய்வு என்று ஆசிரியரின் பணி வாழ்க்கையை நடத்துவதே ‘ஆய்வு’கள்தாம். காவல் நிலையத்தில் இருப்பவரும் ஆய்வாளர், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவரும் ஆய்வாளர். ‘ஆராய்ச்சி’ என்று தனிச்சொல் இருக்கிறதே எனலாம். அனுமதிக் கடிதத்தில் அதை எழுதியும் பார்க்கிறார்கள். சொல்லை மாற்றினாலும் உறவு மாறுவதில்லை. ஒரு கேள்வி வந்தால் அது மேலிருந்துதான் வரும், பதில் எங்கோ பதிவாகும், பிறகு என்றைக்காவது தன்னிடமே திரும்பி வரும் என்பது ஆசிரியர் தம் அனுபவத்தில் கற்றது. ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகளின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது என் எண்ணம். கேள்வித்தாளை இன்னும் நன்றாக அமைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல்கள் அல்ல இவை.

அனுமதி பெறும் முறையைப் பாருங்கள். பள்ளிக்குள் நுழைய மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கடிதம் வாங்க வேண்டும். அங்கிருந்து அது மாவட்டக் கல்வி அலுவலருக்கோ வட்டாரக் கல்வி அலுவலருக்கோ போய், பிறகு தலைமையாசிரியருக்கு வரும். குழந்தைகள் இருக்கும் இடம், இந்தக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் கடிதம் இறங்கி வரும் அதே படிகளில்தான் குறிப்பாணைகளும் இறங்கி வருகின்றன. ‘சி.இ.ஓ. ஆபீஸ்லேர்ந்து சொல்லியிருக்காங்க’ என்ற அறிமுகத்தோடு தொடங்கும் பேட்டியில், விருப்பம் இருந்தால் மட்டும் பேசுங்கள் என்று ஆய்வாளர் நீட்டும் ஒப்புதல் படிவத்துக்கு என்ன மதிப்பு? மேலிடம் அனுமதித்த ஒன்றை மறுக்க அந்த ஆசிரியருக்கு வழி இல்லை. அவர் கையெழுத்துப் போடுகிறார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அது ‘தன்னார்வ ஒப்புதல்’ என்று ஏறிவிடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த தொழில்

இன்னொரு தடை ஆய்வாளரின் தலைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது: பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். வேறெந்தத் தொழிலையும் நாம் இவ்வளவு நேரம் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை. ஆனால் பார்த்ததெல்லாம் பெஞ்சிலிருந்து. மேசைக்குப் பின்னால் இருப்பவர் முந்தின இரவு என்ன தயாரித்தார், எதை நினைத்துப் பயந்தார், ஏன் அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்தினார் என்பதெல்லாம் அந்த 13,000 மணி நேரத்தில் கண்ணுக்குப் படுவதில்லை. இளம் ஆய்வாளர் களத்துக்குப் போகும்போது தன்னை அடித்த சாரையும், தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட டீச்சரையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறார். கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டதாக ஓர் உணர்வு அவருக்கு.

ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே முனைவர் பட்டம் செய்பவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. அவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். உள்ளே நுழைவது எளிது, மொழி தெரியும், எந்தப் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஓர் இடைநிலை ஆசிரியரிடம் பேட்டி எடுப்பவர் முதுகலை ஆசிரியர் என்றால் அங்கே படிநிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்ற விசாரிப்பும் கூடவே வரும்.

‘அனுபவம்: 11–15 ஆண்டுகள்’

கல்வியியல் துறைகளில் குவிந்திருக்கும் ஆய்வேடுகளைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு ஒரு வார்ப்பு பழகியிருக்கும். தலைப்பு ஆசிரியர்களின் பணித்திருப்தி, இல்லையென்றால் பணி அழுத்தம். ஐந்து கட்டங்கள் கொண்ட வினாநிரல். ஆண்–பெண், கிராமம்–நகரம், அரசு–தனியார் என்று இரண்டிரண்டாகப் பிரித்துச் சராசரிகளை ஒப்பிட்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடிப்பார்கள். இந்தப் படிவங்கள் பள்ளிக்குக் கட்டாகப் போகும். இடைவேளையில் பத்து நிமிடத்தில் நிரப்புவார்கள். சில சமயம் ஒருவரே மூன்று பேருக்கும் சேர்த்து நிரப்பிவிடுவார். இப்போது கூகுள் படிவமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. யார் நிரப்பினார்கள், யார் நிரப்பாமல் விட்டார்கள் என்றே தெரியாது. நிரப்பாதவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிய வேண்டியிருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்வதோடு நிறுத்த மனம் வரவில்லை. அந்தக் கட்டங்கள் எதைத் தவற விடுகின்றன என்று காட்டினால்தான் விஷயம் புரியும். தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அதற்குப் பின் சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டவர். இன்னொருவர் அதே காலத்தில் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டு 2006 ஜூனில்தான் முறைப்படுத்தப்பட்டவர். இடையில் போன ஆண்டுகள் அவர் மனதில் இன்னும் கணக்கில் இருக்கின்றன. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர், சில நாள் முன்னதாகச் சேர்ந்தவரைவிடக் குறைந்த அடிப்படை ஊதியத்தில் அதே வகுப்பை நடத்துகிறார். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற கோரிக்கை அங்கிருந்து வருவது. ஓவியமோ உடற்கல்வியோ சொல்லித்தருபவர், 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஒருவராக இருக்கலாம். எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வினாநிரலில் எல்லோரும் ‘ஆசிரியர்’. அனுபவம் என்ற கட்டத்தில் 11–15, 16–20 என்று டிக் அடிப்பார்கள். பணித்திருப்தியில் வேறுபாடு இல்லை என்ற முடிவு கணக்குப்படி சரியாகவே இருக்கும். வேறுபாடு எந்தக் கோட்டில் ஓடுகிறதோ அந்தக் கோட்டில் யாரும் வெட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2003ஆம் ஆண்டை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்றது. பெரும்பாலானோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின்போது பலருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான ‘17பி’ குறிப்பாணை வந்தது. ஆசிரியர்கள் பேச்சில் அது விளக்கம் தேவைப்படாத சொல். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்க 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளும் இடம் தருவதில்லை. இவ்வளவையும் கடந்து வந்தவரிடம் முன்பின் தெரியாத ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ‘அரசின் புதிய திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால், சுற்றறிக்கையில் உள்ள வாக்கியங்களே திரும்பி வரும். கற்றல் விளைவுகள், மகிழ்ச்சியான கற்றல், மாணவர் மையம். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்விக்குப் பாதுகாப்பான பதில் அதுதான்.

குழந்தைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றலை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஏணி, அட்டைகள், தட்டுகள் எல்லாம் வந்தன. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அதைப் பற்றிக் கருத்துக் கேட்டால் ஆதரவான பதில்கள் கிடைத்துவிடும். ஆனால் மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் எந்த அட்டையை எடுத்தார், எதைத் தாண்டிப் போனார், கரும்பலகைக்கு எப்போது திரும்பினார் என்பது கருத்துக் கேட்டால் தெரியாது. கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

இரண்டு எண்களின் கதை

பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? இந்தியாவில் ஆசிரியர்களைப் பற்றி மிக அதிகமாகப் பேசப்பட்ட எண் இங்கேதான் வருகிறது. மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2003இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் ஆள் அனுப்பினார்கள். 2005இல் வெளியான முடிவு: அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 25% பேர் அந்த நேரத்தில் பள்ளியில் இல்லை, பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர்தான். மகாராஷ்டிரத்தில் 15%, ஜார்க்கண்டில் 42% என்று மாநிலங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு. 2010இல் 1,297 கிராமங்களில் மீண்டும் பார்த்தபோது, கிராமப்புறத்தில் 2003இல் 26.3% ஆக இருந்தது 23.6% ஆகியிருந்தது. இப்படி வராமல் போவதால் நாட்டுக்கு ஆண்டுக்கு 150 கோடி டாலர் இழப்பு என்ற மதிப்பீடும் வந்தது.

2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகள், 2,861 ஆசிரியர்கள் என்று ஓர் ஆய்வு செய்தது. அங்கே பள்ளியில் இல்லாதவர்கள் 18.5%. ஆனால் காரணமில்லாமல் வராதவர்கள் 2.5% மட்டுமே. மற்றவர்கள் முறையான விடுப்பில் இருந்தார்கள், அல்லது பயிற்சி, கூட்டம் என்று அலுவல் காரணமாக வெளியே போயிருந்தார்கள்.

கால் பங்கா, நாற்பதில் ஒருவரா? இரண்டு எண்களும் நேர்மையாக எடுக்கப்பட்டவை. முதல் ஆய்வு, குழந்தையின் எதிரில் ஆசிரியர் நிற்கிறாரா என்று கேட்டது. காரணம் எதுவானாலும் குழந்தைக்கு அது பாடம் இல்லாத நாள்தான். இரண்டாவது ஆய்வு, நிற்காததற்கு யார் பொறுப்பு என்று கேட்டது. ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வெளிவேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஆனால் துறையின் சொந்தக் கூட்டங்களும் பயிற்சிகளும் புள்ளிவிவர வேலைகளும் அந்தத் தடைக்குள் வரமாட்டா. அப்படி அனுப்பப்பட்ட ஒருவரை ‘வரவில்லை’ என்ற கட்டத்தில் போட்டால் அவர் கொதிக்க மாட்டாரா? இருந்தும், முதல் எண்ணை ஆசிரியர் விரோதம் என்று ஒதுக்குவது எனக்கு ஏற்பில்லை. யாருமற்ற வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு விடுப்பு விண்ணப்பத்தால் பயனில்லை.

செய்தித்தாளின் தலைப்புக்குப் போனது முதல் எண்தான். காரணங்கள் உதிர்ந்துவிட்டன. அடுத்து பள்ளிக்குப் போன ஆய்வாளர்கள் எல்லோரும் அந்தத் தலைப்பின் நிழலில்தான் நுழைய வேண்டியிருந்தது. பழைய ஆய்வின் முடிவே புதிய ஆய்வின் களத்தை மாற்றிவிடுகிறது. வயலையோ ஆற்றையோ ஆராய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆசிரியர்கள் செய்தித்தாள் படிக்கிறார்கள்.

வகுப்பறைக்குள் உட்கார்ந்து கவனிப்பதிலும் இதே சிக்கலின் சிறு வடிவம் உண்டு. பி.எட். படித்தவர்கள் பிளாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த முறையை மறந்திருக்க மாட்டார்கள்: மூன்று நொடிக்கு ஒரு முறை, வகுப்பில் நடப்பதைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிப்பது. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்டது. துல்லியமான கருவிதான். ஆனால் பின்வரிசையில் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும்போது, கேள்விகள் முதல் பெஞ்சின் இரண்டு பிள்ளைகளை நோக்கியே போகும். நேற்று நடத்திய பாடம் இன்றைக்குப் புதிதாக நடக்கும். இப்படி நடிப்பது முதல் சில நாள்கள்தான் என்று நீண்ட காலம் தங்கிக் களப்பணி செய்தவர்கள் சொல்வார்கள். யாரும் இரண்டு வாரம் வேறு ஆளாக இருக்க முடியாது. பாடத்திட்டம் முடிய வேண்டும், தேர்வு வரும். மூன்றாவது வாரத்தில் ஆய்வாளர் சுவரோடு சேர்ந்துவிடுவார். ஆனால் மூன்று வாரம் தங்க விடுகிற அனுமதிக் கடிதமும் உதவித்தொகையும் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன?

பெயரை மறைத்தால் ஆள் மறைவாரா?

எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். ஆய்வு நெறிமுறை ‘பெயரை மாற்றிவிடு’ என்கிறது. நகரத்துத் தொழிற்சாலையில் இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு அது போதும். பள்ளிக்கூடத்தில் போதாது. 2024–25ஆம் ஆண்டின் தரவுப்படி இந்தியாவில் ஆசிரியர்கள் 1 கோடிக்கு மேல். அதே தரவில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் 1 லட்சத்துக்கும் மேல். அதில் ஒன்றை எடுத்து ‘மலைப்பகுதி ஒன்றியம், தொடக்கப் பள்ளி, பெண், 20 ஆண்டு பணி’ என்று எழுதினால், பெயர் இல்லாமலேயே வட்டாரக் கல்வி அலுவலர் கைபேசியில் அழைத்துவிடுவார். முனைவர் பட்ட ஆய்வேடுகள் இப்போது ‘சோத்கங்கா’ தளத்தில் ஏறுகின்றன. யாரும் தேடிப் படிக்கலாம். அறிவு பொதுவாக வேண்டும் என்பதற்காக நான் வரவேற்கும் ஏற்பாடு அது. ஆனால் நூலகத்தின் அடித்தட்டில் தூசியோடு கிடந்தபோது அந்த ஆய்வேடு தந்த பாதுகாப்பு இப்போது இல்லை.

ஆளைக் காப்பாற்ற மாவட்டத்தை மாற்றி, பாலினத்தை மாற்றி, பள்ளி வகையை மாற்றினால் சமூகவியலுக்குத் தேவையானதே போய்விடுகிறது. தனியே வேலை பார்க்கும் பெண் மலைக்கு ஏறிப் போய்வருவதுதான் விஷயம் என்றால், அதை ஆணாகவும் சமவெளியாகவும் மாற்றி என்ன எழுதுவது? சிலர் மூன்று நான்கு பேரின் அனுபவங்களைச் சேர்த்து ஒரே ஆளாக எழுதுகிறார்கள். அப்படிச் செய்திருப்பதை வாசகருக்குச் சொல்லிவிட்டால் அது ஏற்கத்தக்கது என்பது என் நிலை.

சாதியைப் பற்றிக் கேட்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவர்களை அங்கே கல்வி அலுவலர்களாகவும் தலைமையாசிரியர்களாகவும் அமர்த்தக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. ஆசிரியர் அறைக்குள் சாதி இருக்கிறது என்று அரசு அமைத்த குழுவே கருதியது என்று பொருள். ஆனால் கேள்வித்தாளோடு போனால் ‘எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாதுங்க’ என்பதுதான் பதில். நேராகக் கேட்டு இதை அறிய முடியாது. கழிப்பறையைச் சுத்தம் செய்ய யாரைக் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் எடுத்துவர யாரை அனுப்புகிறார்கள், ஆசிரியர் எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கு வருகிறார், ஊரில் யார் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்று நாள்கணக்கில் கவனித்தால்தான் ஏதாவது தட்டுப்படும். ஆசிரியரும் சும்மா இருப்பதில்லை. ‘தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?’ என்று மூன்றே கேள்வியில் அவர் தம் ஆய்வை முடித்துவிடுவார். அதற்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தே ஆய்வாளருக்கு அடுத்த ஒரு மணி நேரம் என்ன சொல்லப்படும் என்பது தீர்மானமாகும். ஆய்வாளர் பட்டியல் சாதிக்காரர் என்றால் அவருக்குக் கிடைக்கும் தரவே வேறு. ஆய்வேடுகளின் முறையியல் அத்தியாயத்தில் இதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

தனியார் பள்ளிகளைப் பற்றிக் குறைவாகவே சொல்ல முடிகிறது. அந்தக் குறைவே ஒரு செய்தி. அங்கே கதவைத் திறப்பவர் தாளாளர். அவர் தேர்ந்து அனுப்பும் ஆசிரியர்கள்தான் பேசுவார்கள், பல இடங்களில் அவருடைய அறையிலேயே. கையெழுத்திடும் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் ஒன்றுதானா என்ற எளிய கேள்வியை அங்கே கேட்க முடியாது. மாலையில் பேருந்து நிறுத்தத்திலோ வீட்டிலோதான் கேட்கலாம். அந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், திருத்த வேண்டிய நோட்டுகள். ஒரு மணி நேரப் பேட்டிக்கு ஒப்புக்கொள்வது என்றால் அவர்கள் தூக்கத்திலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

கருத்தைக் கேட்பதைக் குறைத்து நாளைக் கேட்டால் பேச்சு மாறும் என்பது களத்தில் பலர் கண்ட வழி. ‘பணிச்சுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘நேற்று காலை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சொல்லுங்கள்’. அப்போது பள்ளித் தரவுகளைப் பதியும் எமிஸ் செயலியில் வருகை ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, அதற்காக மாடிப்படியில் சிக்னல் தேடி நின்றது, சத்துணவுக்கு முட்டை எண்ணியது, ஒரு பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாததால் அம்மாவை வரச்சொன்னது எல்லாம் வரும். யாரையும் விமர்சிக்காமல் ஒரு நாளைச் சொல்ல முடியும். கேட்பவருக்கு வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஓய்வுபெற்றவர்கள் தாராளமாகப் பேசுவார்கள், ஆனால் நினைவு தன் காலத்தை மெருகேற்றிக் கொடுக்கும். அவர்கள் சொல்வதைப் பணியில் இருப்பவர்களின் நாளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிஞ்சும். ஒலிப்பதிவை நிறுத்தி, நன்றி சொல்லி, பையை மூடியதும்தான் பலர் பேசத் தொடங்குவார்கள். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வருவார்கள். ‘இத எழுதிடாதீங்க’ என்றும் சொல்லாமல், ‘எழுதிக்குங்க’ என்றும் சொல்லாமல், ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள். அதைத் தரவு என்று எடுத்துக்கொள்ளலாமா? அவர் ஆய்வாளரிடம் பேசினாரா, தன்னோடு நடந்து வந்த ஒரு பிள்ளையிடம் பேசினாரா? எனக்குத் தெரிந்து சரியான வழி ஒன்றுதான். மறுநாள் போய், நேற்றுச் சொன்னதை எழுதலாமா என்று அவரிடமே கேட்பது. சிலர் யோசித்துவிட்டுச் சரி என்பார்கள். சிலர் ‘அது வேணாம் தம்பி’ என்பார்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும், ஆய்வேட்டின் மிக நல்ல பக்கம் அதுவாகவே இருந்தாலும்.